கரை திரும்பியதாகக் கருதப்படும்

செப்டம்பர் 4, புதன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் பத்து மணிக்கு மேல்தான் வருவாராம். இரண்டு குடம் தண்ணீரில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு அலுவலகம் போனால், மேசைமேல் உத்தரவு. படகுப் பதிவு முகமையின் கணினித் திட்டத்துக்கு இனி நான்தான் பொறுப்பு அதிகாரி.

எங்கள் முகமை சிறியது. கீழமுகத்துறையிலிருந்து கடலுக்குப் போகும் படகுக்கு டோக்கன் கொடுப்போம், திரும்பி வந்ததும் வாங்கி வைப்போம். இந்த நேரத்தில் எத்தனை படகு கடலில் இருக்கிறது என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டும். இதுவரை அந்த எண்ணிக்கை துறைமுகத்து டோக்கன் எழுத்தரின் நோட்டில் இருந்தது. இனி கைப்பேசிச் செயலியில் இருக்கும். அக்டோபர் 21 அன்று அமைச்சர் தொடங்கி வைக்கிறார். தேதி முடிவாகிவிட்டது, செயலிதான் இன்னும் முடியவில்லை.

இருபத்தாறு வருட சர்வீஸில் எனக்குத் தெரிந்தது கோப்பு மட்டும்தான் என்று இயக்குநர் பத்மநாபன் சாரிடம் சொன்னேன். "இதுவும் கோப்புதான் குணவதி. பெட்டிக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

மென்பொருள் நிறுவனத்திலிருந்து கௌதமன் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் மேடம்" என்கிறார். ஆனால் சொல்வதற்குமுன் ஒரு நொடி நிறுத்துகிறார். அந்த ஒரு நொடி நீண்டால் வேலை கஷ்டம் என்று புரிந்துகொண்டேன்.

அவரோடு துறைமுகம் போனேன். டோக்கன் எழுத்தர் செல்லக்கிளி நாற்பதைத் தாண்டிய பெண். கூண்டுமாதிரி ஒரு அறை, ஒரு மேசை, நீளமான நோட்டு. கௌதமன் செயலியைக் காட்டினார். கிளம்பும்போது பச்சைப் பொத்தான், வந்ததும் நீலப் பொத்தான்.

"கெளம்பும்போது அமுக்கிடுவாங்க சார். அமுக்காட்டி டீசல் கெடைக்காதுல்ல? வந்து எறங்குனா மீனத்தான் பாப்பாங்க, போனையா பாப்பாங்க?" என்றார் கிளி.

கௌதமன் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நானும் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சோதனை ஓட்டம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. கிளி சொன்னபடியே ஆகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு படகுகளில் நூற்று நாற்பது பேர் நீலப் பொத்தானை அமுக்கவில்லை. அவர்கள் இன்னும் கடலிலேயே இருப்பதாகக் கணினி நினைக்கிறது. அதனால் மறுநாள் டோக்கன் தர மறுக்கிறது. காலை ஐந்தரைக்கே என் வீட்டு வாசலில் எட்டுப் படகு உரிமையாளர்கள். என் கணவர் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இத்தனை சீக்கிரம் யாரும் எடுப்பார்களா?

அக்டோபர் 9, புதன்

திட்டக்குழுக் கூட்டம். நிறுவனம் ஒரு தீர்வு கொண்டுவந்திருந்தது. கிளம்பிய நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வருகை பதிவாகவில்லை என்றால், அந்தப் படகு "கரை திரும்பியதாகக் கருதப்படும்". நைலான் வலை போடும் சின்னப் படகுகள் சாயங்காலம் போய்க் காலையில் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு நாற்பத்தெட்டு மணி தாராளம். விசைப்படகுகள் நாலைந்து நாள் தங்குகின்றன. அவற்றைத் தனியாகப் பிரிக்க வேண்டுமானால் மூன்று வாரம் ஆகும் என்றார் கௌதமன். தொடக்க விழாவுக்கு இருப்பது பன்னிரண்டு நாள்.

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே விதி, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்தது. சிறிய மாற்றம்தான். கையெழுத்திட்டேன்.

வரும் வழியில் சிலிண்டர் பதிவு செய்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

இரண்டு கடிதங்கள். ஒன்று கௌதமன் மின்னஞ்சலில் அனுப்பியது. விசைப்படகுகளைப் பிரிக்காமல் இந்த விதியைப் போடுவதில் ஆபத்து இருப்பதாக எழுதியிருக்கிறார். மற்றொன்று கிளியின் கையெழுத்தில், ஒரு பக்கம். "கடலுக்குப் போனவன் வந்துவிட்டான் என்று வந்தவன்தான் சொல்ல வேண்டும். நேரம் ஆகிவிட்டது என்பதால் வந்துவிட்டான் என்று எழுதினால் அது சரியா என்று அம்மா அவர்கள் யோசிக்க வேண்டும்."

இரண்டையும் கோப்பில் சேர்த்தேன். பதில் எழுத வேண்டும்.

அக்டோபர் 14

மாவு புளித்துவிட்டது. கிளிக்குப் பதில் எழுதவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

விழா நன்றாக நடந்தது. மழை இல்லை. அமைச்சர் பொத்தானை அமுக்கியதும் பெரிய திரையில் "கடலில்: 88, கரையில்: 124" என்று வந்தது. கைதட்டல். பத்மநாபன் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டார். சால்வையை இவரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு, ஏன் மொகம் வாட்டமா இருக்கு?" என்றார். வெயில் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இரண்டு இடத்தில் பதிவு இருந்தால் குழப்பம் வரும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. நோட்டுப் பதிவை நிறுத்தச் சொல்லிக் கிளிக்குக் குறிப்பாணை அனுப்பினேன். கிளி போனில் எதுவும் வாதாடவில்லை. "சரிங்க மேடம்" என்றார்.

நவம்பர் 6, புதன்

மாதாந்திர ஆய்வு. நிலுவைப் புகார்கள் பூஜ்யம். டோக்கன் மறுப்பு பூஜ்யம். மற்ற மாவட்டங்கள் நம் திட்டத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றார் செயலாளர். விசைப்படகுகளைப் பிரிக்கும் வேலை அடுத்த காலாண்டுக்குத் தள்ளப்பட்டது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நாள் முழுக்கத் தூறல். துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. சாயங்காலம் வானிலை எச்சரிக்கை வந்தது. டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டோம்.

நவம்பர் 20, புதன்

இன்று எழுத முடியாது. முப்பத்தொன்று.

நவம்பர் 21, வியாழன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலை பதினொரு மணிக்குக் கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். காற்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வலுக்கிறது. உங்கள் படகுகள் எத்தனை வெளியே இருக்கின்றன? எந்தத் துறைமுகத்துப் படகுகள் அதிகம் வெளியே இருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் கடலோரக் காவல் படைக் கப்பலை அனுப்புவார்களாம். திரையைப் பார்த்தேன். "கடலில்: 3". மூன்று என்று சொன்னேன். எதிர்முனையில் ஒரு நிம்மதி கேட்டது. அப்படியானால் கப்பல் தெற்கே போகலாம் என்றார்கள்.

இருபது நிமிடத்தில் கிளி கூப்பிட்டார்.

"மேடம், மூணுன்னு சொல்லிட்டீங்களாமே?"

"ஆமா கிளி. திரையில மூணுதான் இருக்கு."

"திங்கக்கெழம விடிகாலைல கெளம்புன போட்டெல்லாம் எங்க மேடம்? ஐஸு ஏத்திக்கிட்டு அஞ்சு நாளைக்குப் போனாங்களே, அவங்க எங்க?"

திங்கள் விடிகாலையிலிருந்து புதன் விடிகாலைவரை நாற்பத்தெட்டு மணி நேரம். எல்லாரும் கரை திரும்பிவிட்டதாக நானே கணினிக்குச் சொல்லியிருந்தேன்.

"உங்க நோட்டு இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க? நிறுத்திட்டேன் மேடம்."

கோபமில்லாமல்தான் சொன்னார்.

இயக்குநரைக் கூப்பிட்டேன். சரியான எண் கிடைத்தபின் திருத்திச் சொல்லலாம், அவசரப்பட்டால் திட்டமே கெட்டுப்போகும் என்றார். சரி சார் என்று வைத்தேன். வைத்த பிறகு இரண்டு நிமிடம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். "மூன்று என்றது தவறு. சரியான எண் எனக்குத் தெரியவில்லை. நிறைய இருக்கும். கப்பலை நிறுத்தி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பெயரோடு தருகிறேன்." எதிர்முனையில் இருந்தவர், "தெரியலைன்னு எழுதிக்கவா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜீப்பில் துறைமுகம் போகும்போதே கௌதமனிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமையிலிருந்து கணினி தானாக முடித்த பதிவுகள் அத்தனையையும் எடுத்துத் தரச் சொன்னேன். இந்த முறை அவர் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. போய்ச் சேர்வதற்குள் பட்டியல் வந்துவிட்டது. எழுபத்து மூன்று படகுகள்.

கிளி அதை அச்சடித்து எடுத்துக்கொண்டார். சாய்ந்து அடிக்கிற மழையில் அலைதடுப்புச் சுவர்வரை நடந்தோம். கட்டியிருக்கிற படகுகளின் பெயரைக் கிளி படிக்க, நான் அடித்துக்கொண்டே வந்தேன். கடல்ராணி இருக்கு. செந்தூர் அருள் இருக்கு. குடை ஒரு பயனும் இல்லை என்று பாதியில் மடக்கிவிட்டேன். முப்பத்தெட்டு படகுகள் கரையில் இருந்தன. பட்டறையில் மூன்று. பக்கத்துத் துறைமுகத்தில் இரண்டு, போனில் உறுதி செய்தோம். மீதி முப்பது. திரையில் கடலில் என்றிருந்த மூன்றும்கூடக் கரையில் கட்டித்தான் கிடந்தன.

"இன்னொண்ணு இருக்கு மேடம்" என்றார் கிளி. "அவங்க செயலியே இல்லாம போனவங்க. போன் தண்ணில விழுந்திருச்சுன்னு பாவம்னு விட்டேன்." ஐஸ் ஆலைக்குப் போய்ச் சீட்டைப் பார்த்தோம். முத்துக்குமரன் துணை, ஏழு பேர், ஐந்து நாளுக்கான ஐஸ். முப்பத்தொன்று.

ஏலக்கூடத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர், எந்தத் திசையில், எத்தனை பாகம் ஆழத்தில் வலை போடுவார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கிளி எழுதினார். யாரும் அழவில்லை. ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல தெரியும்னீங்களே" என்றார். நான் அடுத்த படகின் பெயரைக் கேட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு முப்பத்தொரு பெயரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிற்று. இருநூற்றுப் பதினான்கு பேர். கப்பல் வடகிழக்கே திரும்பியது.

நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஐஸ் ஆலைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பட்டியலில் பதினேழாவதாக இருக்கும் சிங்காரவேலனில் டிரைவர் கிளியின் கணவர். கிளி அந்தப் பெயரையும் மற்ற பெயர்களைப் போலவே, அதே வேகத்தில் எழுதியிருந்தார்.

நவம்பர் 22, வெள்ளி

நேற்று நண்பகலுக்குள் இருபத்து நான்கு படகுகள் நம் துறைக்கே வந்துவிட்டன. ஆறு வெவ்வேறு துறைமுகங்களில் ஒதுங்கியிருக்கின்றன. சிங்காரவேலன் அவற்றில் ஒன்று. கிளியின் கணவர் போனில் கூப்பிட்டு, தன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, காசு அனுப்பு என்றாராம். கிளி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், பிறகு சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முத்துக்குமரன் துணையில் இன்ஜின் நின்றுவிட்டது. கப்பல் கயிறு போட்டு இழுத்து வந்தது. இழுக்கும்போது கயிற்றில் சிக்கி நாகமுத்து என்பவருக்கு வலதுகையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மற்ற ஆறு பேரும் நலம். காலதாமதமாகியிருந்தால் பாறைமேல் மோதியிருக்கும் என்றார் கப்பல் அதிகாரி. எவ்வளவு தாமதம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், நாலு மணி நேரம்.

மருத்துவமனைக்குப் போனேன். நாகமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு நான் யார் என்று தெரியாது. ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

பத்மநாபன் சார் அறைக் கதவைச் சாத்தினார். தலைமை அலுவலகம் அறிக்கை கேட்கிறது.

"மென்பொருள் பிழைன்னு எழுதிடுங்க. உண்மையும் அதுதானே? மென்பொருள்தான் தப்பாக் காட்டுச்சு. நிறுவனத்தை நீக்கிட்டு வேற ஆள போடுவாங்க. நமக்கு ஒண்ணும் வராது."

"கௌதமன்?"

"அவங்களுக்கு வேற வேல கெடைக்கும் குணவதி. சின்ன வயசு. உங்களுக்கு ரிட்டையர்மென்டுக்கு எத்தன வருஷம் இருக்கு?"

ஆறு. அவர் பயந்துபோயிருந்தார், கெட்ட மனிதர் இல்லை.

அறிக்கையை எழுதினேன். "மென்பொருளில் ஏற்பட்ட பிழை காரணமாக" என்று தொடங்கினேன். வாக்கியம் நன்றாகத்தான் வந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

கௌதமன் வந்தார். அக்டோபரில் அனுப்பிய மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுவனம் தன்னை விலகச் சொல்லும் என்று நினைப்பதாக மட்டும் சொன்னார். சொந்த ஊர் தருமபுரிப் பக்கமாம். கடலையே இந்த வேலைக்கு வந்துதான் பார்த்தாராம்.

"அந்த மெயில ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?" என்று நானே கேட்டேன்.

நீண்ட நேரம் நிறுத்தினார். "நீங்களாச்சும் அத கோப்புல சேத்தீங்க மேடம். எங்க கம்பெனிக்கும் அனுப்புனேன், அத யாருமே திறந்துகூடப் பாக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பைப் பின்னோக்கிப் படித்தேன். அக்டோபர் 9 அன்று "குழு முடிவு செய்தது" என்று எழுதியிருக்கிறேன். குழுவில் ஆறு பேர். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், இருவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்மநாபன் சார் என் முகத்தைப் பார்த்தார். முடிவு செய்தது நான். "முதல்ல விழா நடக்கட்டும்" என்று சொன்னதும் நான்தான். அதை அன்றைக்கு இங்கே எழுதவில்லை. யாரும் படிக்காத நோட்டில்கூட எழுதவில்லை.

இவரிடம் சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். "ஆறு வருஷம் எப்படியும் ஓடிடும் குணா. ஆனா எப்படி ஓடணுங்கிறத நீதான் பாத்துக்கணும்" என்றார்.

நவம்பர் 28, வியாழன்

புது அறிக்கை கொடுத்துவிட்டேன். முக்கால் பக்கம்தான். "இது மென்பொருளின் பிழை அல்ல. மென்பொருள் சொன்னபடி செய்தது. விசைப்படகுகளைப் பிரிக்காமல் விதியை நடைமுறைப்படுத்துவது என்பது பொறுப்பு அதிகாரியான என் முடிவு. அதற்கு எதிராக எழுத்துமூலம் வந்த இரண்டு எச்சரிக்கைகளுக்கு நான் பதில் அளிக்கவில்லை. நோட்டுப் பதிவை நிறுத்தியதும் என் குறிப்பாணைதான்." கௌதமன் மின்னஞ்சலையும் கிளியின் கடிதத்தையும் இணைத்தேன்.

பத்மநாபன் சார் இரண்டு தடவை படித்தார். "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். பிறகு எதையும் மாற்றாமல் மேலே அனுப்பினார். அவர் அப்படி அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். ஜனவரியில் உள்மாவட்டத்துக்கு இடமாறுதல். அங்கே கடல் கிடையாது. கௌதமன் வேலையில் நீடிக்கிறார்.

கிளியிடம் போய்ச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"இருங்க மேடம். நாகமுத்து சம்சாரத்துகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அங்க சொல்லுங்க மொதல்ல."

அங்கிருந்து நேராகப் போனேன். நாகமுத்துவின் மனைவி வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. "வந்து சொன்னீங்களே, சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

டிசம்பர் 18, புதன்

திருத்தக் கூட்டம். விசைப்படகுகளைப் பிரித்தாகிவிட்டது. கிளியை முதல்முறையாகக் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கௌதமன் புதுத் திரையைக் காட்டினார். கடலில், கரையில், இரண்டு கட்டம்.

"நேரத்துக்கு வரல, போனும் எடுக்கலன்னா எந்தக் கட்டத்துல போடுவீங்க சார்?" என்று கேட்டார் கிளி.

கடலில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் கௌதமன்.

"அதுவும் தப்புத்தான் சார். மூணாவதா ஒரு கட்டம் போடுங்க. தெரியாட்டித் தெரியலன்னு போடுங்க."

பத்மநாபன் சார் தலையை ஆட்டினார். "அரசாங்கத்துக்குத் தெரியலன்னு ஸ்கிரீன்ல போடுறதா? செயலாளர் பாத்தா என்ன சொல்வாரு?"

"தெரியலன்னு போட்டாத்தான சார் யாராச்சும் தேடுவாங்க" என்றார் கிளி. "வந்துட்டான்னு போட்டா யாரு தேடுவா?"

வடைத்தட்டு அப்படியே இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம், "கூட்டக் குறிப்புல எழுதிக்குங்க குணவதி. யார் சொன்னாங்கன்னு பேரோட எழுதுங்க" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 6, திங்கள்

என் கடைசி நாள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் துறைமுகம் போனேன். கிளியின் கூண்டில் இப்போது ஒரு சின்னத் திரை இருக்கிறது. புது விதி காலை ஆறு மணியிலிருந்து நடப்பில். டீ வாங்கி வந்து கொடுத்தார். வெயில் நன்றாக அடித்தது.

கடலில்: 41. கரையில்: 168. தெரியவில்லை: 3.

கிளி முதல் படகின் எண்ணுக்குப் போன் போட்டார். நீலப் பொத்தானை அமுக்க மறந்துவிட்டார்களாம். ஒரு வசை, ஒரு சிரிப்பு. தெரியவில்லை: 2. அடுத்ததற்கு ஏலக்கூடத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டி, "அந்தா நிக்கிது போட்டு" என்று கத்தினார். தெரியவில்லை: 1.

மூன்றாவது எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கிளி மறுபடி போட்டார். மறுபடியும். டீ ஆறியது. நான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜீப் டிரைவர் வந்து நின்றார். இருக்கட்டும் என்றேன்.

எட்டாவது தடவை யாரோ எடுத்தார்கள். கிளி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எங்கடா இருக்க?" என்றார். கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல. தூங்கிட்டிருந்தானாம்."

நான் எழுந்தேன்.